மொட்டை மாடியில் வெயில் பரிமாறிய கதை

"தண்ணித் தொட்டியில பாசி பிடிக்கக் கூடாதுன்னு மாசத்துக்கு ஒரு தடவை பிளீச்சிங் பவுடர் போட்டுத் தேய்க்கிறேன். நீ காசு குடுத்து வாங்கிட்டு வந்து வளக்கிறியாக்கும்?"

அம்மா இப்படிக் கேட்டபோது என் கையில் இரண்டு லிட்டர் பாட்டிலில் கரும்பச்சைத் திரவம் இருந்தது. சுருள்பாசிப் பண்ணை நடத்தும் ஒருவரிடம் வாங்கிய மதர் கல்ச்சர், அதாவது வளர்ப்பைத் தொடங்க வேண்டிய விதைப் பாசி. ஸ்பைருலினா என்று கடைகளில் மாத்திரையாக விற்கிறார்களே, அதுதான். பாசி என்கிறோமே தவிர, உண்மையில் அது ஒளிச்சேர்க்கை செய்யும் பாக்டீரியா. அம்மாவிடம் அதைச் சொல்லியிருந்தால் பாட்டில் வாசலைத் தாண்டியிருக்காது.

திருச்சியில் கொதிகலன்களுக்குக் குழாய் வரைபடம் போடுவது என் பிழைப்பு. நெருப்புக்கும் தண்ணீருக்கும் நடுவே குழாயை எப்படி வளைத்தால் அதிக வெப்பம் உள்ளே போகும் என்றே பதினைந்து வருடமாக யோசித்துக்கொண்டிருக்கிறேன். அதனால் வெயிலில் நுண்பாசி வளர்க்க ஒரு கலன் செய்யலாம் என்று தோன்றியதும் என் மனம் போனது குழாய்ப் பக்கம்தான். மெல்லிய, கண்ணாடி போன்ற குழாய், உள்ளே ஓடும் பாசித் தண்ணீர், எல்லாப் பக்கமும் வெயில். இதைவிட வேறென்ன வேண்டும்?

பக்கத்து வீட்டுக்காரரிடம் "மாடியில் ரியாக்டர் வைக்கிறேன்" என்று சொன்னது தவறு. நம்மூரில் ரியாக்டர் என்றால் கல்பாக்கமும் கூடங்குளமும்தான் நினைவுக்கு வரும். இரண்டு நாள் என்னை ஒரு மாதிரியாகவே பார்த்தார்.

முதல் கலனுக்குக் கொத்தனார்கள் மட்டம் பார்க்கப் பயன்படுத்தும் லெவல் டியூப் வாங்கினேன். ஓர் அங்குலக் குழாய், 60 மீட்டர். கோழி வலையை உருளையாக வளைத்து அதன்மேல் சுற்றினேன். அடியில் ஒரு வாளி, அதில் மீன் தொட்டிப் பம்பு. மொத்தக் கொள்ளளவு 30 லிட்டர் இருக்கும். பச்சைத் தண்ணீர் குழாயில் ஏறிச் சுற்றிச் சுற்றி வருவதைப் பார்க்க அவ்வளவு அழகாக இருந்தது. படம் எடுத்து அலுவலக வாட்ஸாப் குழுவில் போட்டேன். அது ஏப்ரல் மாதம்.

மூன்றாம் நாள் மதியம் ஒரு மணிக்குப் போய்ப் பார்த்தால் பச்சை, மஞ்சளாகியிருந்தது. குழாய்க்குள் வெப்பமானியை விட்டால் 46 டிகிரி. ஸ்பைருலினாவுக்குப் பிடித்தது 35 முதல் 37 டிகிரி வரை. வாளியில் நுரை, ஒரு மாதிரி அழுகல் நாற்றம். குழாயின் உட்சுவரில் மட்டும் பச்சை ஒட்டிக்கொண்டு, எவ்வளவு தண்ணீர் விட்டாலும் போக மறுத்தது. எங்கே பிடிக்கக் கூடாதோ அங்கே பிடிப்பதுதான் பாசியின் குணம் போலிருக்கிறது.

அப்புறம்தான் உட்கார்ந்து படித்தேன். முதலிலேயே படித்திருக்க வேண்டும், சரி. படிக்கப் படிக்க ஒன்று புரிந்தது. நான் கேட்ட கேள்வியே தலைகீழ். பாசிக்கு வெயிலை எப்படி அதிகமாகக் கொடுப்பது என்று யோசித்திருந்தேன். வெளியில் வைக்கும் கலனுக்கு அந்தக் கவலையே இல்லை. வெயிலின் பெரும்பகுதி பாசிக்கு அதிகம். அதைக் குறைத்து, பிரித்து, வேளைக்கு வேளை பரிமாறுவதுதான் வடிவமைப்பின் பாதி வேலை.

கல்யாணப் பந்தியை நினைத்துக்கொள்ளுங்கள். பரிமாறுபவர் வாளி நிறையச் சோற்றை முதல் வரிசைக்காரனின் இலையிலேயே கொட்டுகிறார். அவன் போதும் போதும் என்று கையை நீட்டித் தடுத்தாலும் விடுவதில்லை. பின்னால் நிற்பவர்களுக்கு ஒரு பருக்கை இல்லை. நடுப்பகல் வெயிலில் பத்தில் ஒரு பங்கு, மிஞ்சினால் ஐந்தில் ஒரு பங்கு கிடைத்தாலே பெரும்பாலான நுண்பாசிகளுக்கு வயிறு நிரம்பிவிடும். அதற்கு மேல் வரும் ஒளியைச் செல் வாங்கிக்கொள்ளத்தான் செய்கிறது, ஆனால் வெப்பமாக வெளியே தள்ளுகிறது. அளவு மீறினால் ஒளிச்சேர்க்கைக் கருவியே கெட்டுப்போகிறது. அதே நேரத்தில், அடர்ந்து வளர்ந்த கலவையில் வெளிச்சம் சில சென்டிமீட்டர் ஆழத்துக்குக்கூடப் போவதில்லை. மேலே இருப்பது எரிகிறது, கீழே இருப்பது பட்டினி கிடக்கிறது. இரண்டும் ஒரே தொட்டியில், ஒரு சாண் இடைவெளியில்.

இதற்கு ஆளாளுக்கு ஒரு வழி கண்டார்கள். ஒன்று, ஓயாமல் கலக்குவது. யாரும் முதல் வரிசையில் நிரந்தரமாக உட்கார முடியாது, எழுந்து இடம் விட வேண்டும். இன்னொன்று, ஒளி விழும் பரப்பையே பெரிதாக்குவது. மெல்லிய தகடு போன்ற கலன்களைச் செங்குத்தாக வரிசையில் நிறுத்தினால், ஒரு சதுர மீட்டர் தரையில் விழ வேண்டிய வெயில் பல சதுர மீட்டர் கண்ணாடியில் பரவி மென்மையாகிவிடும். அப்போது எந்தத் திசை பார்த்து நிறுத்துவது என்ற கேள்வி வரும். ஐரோப்பாவைப் போல வடக்கே தள்ளியிருக்கும் ஊர்களில் குளிர்கால வெயிலுக்குத் தெற்கைப் பார்த்து வைப்பது நல்லது. நம்மைப் போல நிலநடுக்கோட்டுக்குப் பக்கத்தில் இருப்பவர்கள் கிழக்கும் மேற்கும் பார்க்கும்படி வைக்க வேண்டும். காலை வெயிலும் மாலை வெயிலும் முழுதாகக் கிடைக்கும், உச்சி வெயில் தகட்டின் விளிம்பில் மட்டும் பட்டு வழுக்கிக்கொண்டு போய்விடும். வாஸ்து பார்ப்பவர்கள் கவனிக்க.

எனக்கு மிகவும் பிடித்தது செக்கோஸ்லோவாகியாவின் ட்ரெபோன் நகரத்தில் 1960-களில் தொடங்கி வளர்ந்த முறை. சாய்வான ஒரு தளம். அதன்மேல் பாசித் தண்ணீர் ஒரு சென்டிமீட்டருக்கும் குறைவான படலமாக வழிந்தோடும். கீழே சேர்ந்ததை மறுபடி மேலே ஏற்றுவார்கள். படலம் அவ்வளவு மெல்லிசு என்பதால் பாசியை மிக அடர்த்தியாக வளர்க்கலாம். சாதாரணக் குளத்தில் லிட்டருக்கு அரை கிராம் தேறினாலே பெரிது. இதில் பத்து கிராமைத் தாண்டலாம். இரவில் எல்லாவற்றையும் கீழ்த்தொட்டியில் இறக்கி மூடிவிட்டால் குளிரும் படாது. ஊர்க்குளத்துக் கலிங்கில் வழியும் தண்ணீரைப் பார்த்து வளர்ந்த யாருக்கும் இது ஒரு பார்வையில் புரிந்துவிடும்.

வெயில் ஒரு பக்கம் இருக்கட்டும். என் குழாயில் பாசியைக் கொன்றதில் இன்னொரு ஆளுக்கும் பங்கு உண்டு. அது ஆக்சிஜன். படித்தபோது நம்பவில்லை. நமக்கு உயிர்மூச்சு, அதற்கு எமனா?

கணக்கு எளிதுதான். நல்ல வெயிலில், மூடிய குழாயில் ஓடும் அடர்ந்த பாசி ஒவ்வொரு நிமிடமும் லிட்டருக்கு 10 மில்லிகிராம் வரை ஆக்சிஜன் விடும். காற்று பட்டுக்கொண்டிருக்கும் 30 டிகிரித் தண்ணீரில் கரைந்து நிற்பதே ஏழரை மில்லிகிராம்தான். திறந்த தொட்டியில் மிச்சம் காற்றோடு போய்விடும். குழாயில் போக்கிடம் இல்லை. மூன்று நான்கு நிமிடத்தில் அந்த ஏழரையைப் போல நான்கு மடங்கைத் தாண்டும். அந்த அளவில், கரியமில வாயுவைப் பிடிக்க வேண்டிய நொதி ஆள் மாறிப்போய் ஆக்சிஜனைப் பிடித்துக்கொள்கிறது. சேர்த்து வைத்ததும் வீணாகிறது. அதனால்தான் தொழிற்சாலைகளில் ஒரு குழாயின் நீளத்தை ஏறக்குறைய 80 மீட்டரோடு நிறுத்தி, காற்று ஊதி ஆக்சிஜனை விரட்டும் ஒரு நெடுந்தூண் வைக்கிறார்கள். நொடிக்கு 40 சென்டிமீட்டர் வேகத்தில் 80 மீட்டரைக் கடக்க மூன்று நிமிடம் இருபது நொடி ஆகும். என்னுடையது 60 மீட்டர்தான், ஆனால் பம்பு நோஞ்சான். நொடிக்கு 20 சென்டிமீட்டர், அதாவது ஐந்து நிமிடப் பயணம். பாசி வேகாமல் தப்பியிருந்தாலும் ஆக்சிஜனில் திணறியிருக்கும்.

வெப்பத்தைச் சமாளிக்கக் குழாய்மேல் தண்ணீர் தெளித்துப் பார்த்தேன். பெரிய நிலையங்களிலும் அப்படிச் செய்வது உண்டு. எங்கள் போர்வெல் தண்ணீரின் தயவால் ஒரு வாரத்தில் குழாய் முழுக்க வெள்ளை உப்புப் படிந்து, வெயிலே உள்ளே போகாத நிலை வந்தது. அதோடு அந்தக் குழாயைக் கழற்றிச் செடிக்குத் தண்ணீர் விடும் வேலைக்குக் கொடுத்துவிட்டேன்.

மொட்டை மாடியில் குழாயில் பாசி வளர்த்து வெப்பத்தோடு மல்லுக்கட்டிய முதல் ஆள் நான் இல்லை என்று தெரிந்தபோது ஓர் அற்ப சந்தோஷம். 1951-இல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்துக் கேம்பிரிட்ஜ் நகரில், ஒரு கட்டடத்தின் கூரையில் ஆர்தர் டி. லிட்டில் என்ற ஆலோசனை நிறுவனம் குளோரெல்லா என்ற பச்சை நுண்பாசியை வளர்த்தது. கார்னகி என்ற அறிவியல் ஆராய்ச்சி நிறுவனம் கேட்டுக்கொண்ட வேலை அது. அகலமான பாலித்தீன் குழாய்களைக் கூரையில் படுக்க வைத்து உள்ளே பாசித் தண்ணீரை ஓடவிட்டார்கள். போர் முடிந்த காலம், உலகத்துக்குச் சோறு போதாது, புரதத்துக்குப் பாசிதான் வழி என்ற எண்ணம். அவர்களும் பாசித் தண்ணீரைக் குளிர்விக்கத் தனி ஏற்பாடு செய்ய வேண்டியிருந்தது. குளிர் நாட்டில் இந்தக் கதை என்றால் திருச்சியில் சொல்லவா வேண்டும்? அந்த அனுபவங்களைத் தொகுத்து 1953-இல் கார்னகி நிறுவனம் வெளியிட்ட நூலை இன்றும் இந்தத் துறையில் பேசுகிறார்கள்.

அதே பத்தாண்டில் கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் வில்லியம் ஆஸ்வால்ட் கழிவுநீரைச் சுத்தம் செய்ய ஆழம் குறைந்த குளங்களில் பாசியை வளர்த்துக்கொண்டிருந்தார். அந்த வழியில் வந்ததுதான் இன்று உலகம் முழுக்க இருக்கும் ரேஸ்வே குளம். ஓட்டப்பந்தய மைதானம் போல நீள்வட்டம், நடுவில் ஒரு தடுப்புச் சுவர், ஓரிடத்தில் துடுப்புச் சக்கரம். ஆழம் 15 முதல் 30 சென்டிமீட்டர். நொடிக்கு 20, 30 சென்டிமீட்டர் வேகம். பார்த்தால் இதில் என்ன பொறியியல் இருக்கிறது என்று தோன்றும். எனக்கும் தோன்றியது. ஆனால் ஆக்சிஜன் தானாகப் போகிறது. ஆவியாகும் தண்ணீர் வெப்பத்தையும் எடுத்துக்கொண்டு போகிறது. குழாயில் நான் பணம் கொடுத்துச் செய்ய வேண்டியிருந்த இரண்டு வேலைகளைக் குளம் சும்மா செய்துவிடுகிறது.

அதற்காக மூடிய கலன்கள் வீண் என்று சொல்ல மாட்டேன். ஜெர்மனியின் கிளோட்சே நகரில் கண்ணாடிக் கூரைக்குள் மொத்தம் 500 கிலோமீட்டர் நீளத்துக்குக் கண்ணாடிக் குழாய்கள் அமைத்துக் குளோரெல்லா வளர்க்கிறார்கள். திருச்சியிலிருந்து சென்னைக்குப் போய், திரும்பி விழுப்புரம் தாண்டும் தூரம். இஸ்ரேலின் அரவா பாலைவனத்தில், கெதூரா என்ற ஊரில், குழாய்களில் ஹீமடோகாக்கஸ் என்ற பாசியை வளர்த்து, பிறகு அதை வேண்டுமென்றே பட்டினி போட்டு வெயிலில் வாட்டுகிறார்கள். தன்னைக் காத்துக்கொள்ள அது ஆஸ்டாசாந்தின் என்ற சிவப்பு நிறமியைச் சுரக்கும். பச்சைக் குழாய்கள் வரிசை வரிசையாகச் சிவப்பாக மாறும். அந்த நிறமிக்குக் கிடைக்கும் விலைக்குக் கண்ணாடிக் குழாய் கட்டுப்படியாகும். மேலும் அந்தப் பாசி திறந்த குளத்தில் இருந்தால் வேறு பாசிகளும் பூஞ்சைகளும் நுண்பூச்சிகளும் புகுந்து தின்று தீர்த்துவிடும். ஸ்பைருலினாவுக்கு அந்தப் பயம் குறைவு. சோடாக் கரைசல் போன்ற காரமான தண்ணீரில் மற்றவை பிழைப்பது கடினம். அந்தத் தண்ணீரே அதற்கு வேலி. ஆப்பிரிக்காவின் சாட் ஏரிப் பகுதியில், காரத்தன்மை மிகுந்த குட்டைகளிலிருந்து கனெம்பு இனப் பெண்கள் அதை வழித்தெடுத்து வெயிலில் காயவைத்துச் சாப்பிடுகிறார்கள். அங்கே எந்தப் பொறியாளரும் போய்க் குழாய் போடவில்லை.

ஆக, இரண்டாவது கலன் ரேஸ்வே மாதிரித் தொட்டி. நீளம் 3 மீட்டர், அகலம் 1 மீட்டர், செங்கல் அடுக்கித் தார்ப்பாய் விரித்தது. ஆழம் 20 சென்டிமீட்டர் என்று வரைந்துவிட்டு, நல்லவேளையாக மாடியின் தாங்குதிறன் நினைவுக்கு வந்தது. ஆட்கள் நடமாடும் தட்டைக் கூரைக்கு நம் கட்டடத் தர விதியில் சொல்லியிருக்கும் சுமை சதுர மீட்டருக்கு ஏறக்குறைய 150 கிலோ. 20 சென்டிமீட்டர் தண்ணீர் என்றால் 200 கிலோ. எனவே 15 சென்டிமீட்டரோடு நிறுத்தி, உத்தரத்தின் மேலே வரும்படி சுவரோரமாக வைத்தேன். ஒளி ஊடுருவல் பற்றி அத்தனை படித்தும் கடைசியில் ஆழத்தை முடிவு செய்தது கூரைதான்.

சமையல் சோடா நான்கு கிலோ வாங்கப் போனபோது கடைக்காரர், "பேக்கரி தொறக்கிறீங்களா சார்?" என்றார். சாருக் என்ற ஆய்வாளர் 1966-இல் வகுத்த கலவையின்படி லிட்டருக்கு 16.8 கிராம் சோடா போட வேண்டும். 450 லிட்டருக்கு ஏழரைக் கிலோ. நான் பாதிதான் போட்டேன், அதற்கே இந்தக் கேள்வி.

துடுப்புச் சக்கரத்துக்குப் பழைய காரின் வைப்பர் மோட்டார். மெதுவாகச் சுற்றும், மழையில் நனைந்தாலும் கவலையில்லை. பம்பைத் தவிர்த்ததற்கு இன்னொரு காரணமும் உண்டு. ஸ்பைருலினா ஒரு சுருள் இழை. பம்பின் இறக்கைகள் அதைத் துண்டு துண்டாக்கிவிடும். அறுவடைக்கு ஸ்கிரீன் பிரிண்டிங் துணியில் வடிகட்டினால் முழு இழை நிற்கும், துண்டுகள் தண்ணீரோடு ஓடிவிடும். துடுப்பு பதமாகத் தள்ளும்.

ஓடவிட்டதும் முதல் பாடம் வளைவில் கிடைத்தது. நேர்ப்பாதையில் தண்ணீர் ஒழுங்காகப் போகிறது. திரும்பும் இடத்தில், நடுச் சுவரின் முனைக்குப் பின்னால் ஒரு கையகல இடம் அசையாமல் நின்றது. இரண்டு நாளில் அங்கே பாசி திரண்டு, அடியில் தங்கி, அழுகத் தொடங்கியது. வளைந்த தகரத் தடுப்புகளை நிறுத்தித் தண்ணீரைத் திருப்பிவிட்ட பிறகே சரியானது. கொதிகலன் வேலையிலும் கோளாறு வருவது இந்த மாதிரி முடுக்குகளில்தான். ஏன் முதலிலேயே தோன்றவில்லை என்று இன்னும் வெட்கமாக இருக்கிறது.

ஏப்ரல், மே மாதங்களில் ஒரு நாளைக்கு ஒன்றரைக் குடம் தண்ணீர் ஆவியாகும். அதை ஈடுகட்டப் போர்வெல் தண்ணீரை விட்டால் சுண்ணாம்பு வெள்ளையாகப் படியும். குடிநீர்க் கேனை வாங்கி ஊற்றும் அளவுக்கு நான் போய்விட்டேன் என்பதை அம்மா தெருவில் எல்லோரிடமும் சொல்லியிருக்கிறார்.

மகசூல்? சராசரியாக ஒரு சதுர மீட்டருக்கு ஒரு நாளைக்கு ஐந்தரை கிராம் காய்ந்த பாசி. மூன்று சதுர மீட்டருக்குப் பதினாறு கிராம். நன்றாக நடத்தும் குளங்களில் பத்து கிராம் எடுப்பார்கள். அந்தப் பத்து கிராமைக் கணக்கிட்டாலும், ஒரு சதுர மீட்டரில் ஒரு நாள் விழும் வெயில் ஏறக்குறைய 20 மெகாஜூல், பத்து கிராம் பாசியில் அடங்குவது 0.2 மெகாஜூல். நூற்றில் ஒன்று.

என் தொட்டிக் கணக்கு இன்னும் மோசம். வைப்பர் மோட்டார் 20 வாட் இழுக்கிறது. பகல் பன்னிரண்டு மணி நேரம் ஓடினால் கால் யூனிட் மின்சாரம். பதினாறு கிராம் பாசியில் இருக்கும் ஆற்றலை யூனிட்டாக மாற்றினால் 0.09. பாசி சேர்த்ததைப் போல இரண்டரை மடங்குக்கும் மேல் மோட்டார் தின்றிருக்கிறது. சாப்பிடவென்றால் பரவாயில்லை, புரதத்துக்குக் கொடுக்கும் விலை. எரிபொருளுக்கு என்றால் சிரிப்புதான். பெரிய குளங்களில் இந்த விகிதம் எவ்வளவோ மேல், ஆனாலும் இடைவெளி பெரிது. அமெரிக்க அரசு 1978 முதல் 1996 வரை பாசியிலிருந்து டீசல் எடுக்க ஒரு திட்டம் நடத்தியது. பறக்கும் தட்டுக் கதைக்குப் பேர்போன ராஸ்வெல் நகரில் ஆயிரம் சதுர மீட்டர்க் குளங்கள் கட்டினார்கள். பாசிக்கு உணவாகக் குளத்தில் விட்ட கரியமில வாயுவில் 90 சதவீதத்துக்கு மேல் பாசிக்கே போய்ச் சேர்ந்தது, அது சாதனை. சில நாட்களில் சதுர மீட்டருக்கு 50 கிராம்கூட எட்டினார்கள். ஆனால் பாலைவன இரவுக் குளிரில் குளம் சில்லிட்டுப்போக, சராசரி பத்து கிராமில் நின்றது. பகலில் கொதிக்கும் என்று பயந்த எனக்கு இது வேடிக்கையாக இருந்தது.

தமிழ்நாட்டில் இதைவிடச் சுலபமாக யோசித்தவர்கள் இருக்கிறார்கள். சென்னையில் சி.வி. சேஷாத்ரி என்ற விஞ்ஞானியின் தலைமையில் இயங்கிய முருகப்பச் செட்டியார் ஆராய்ச்சி மையம், கிராமத்துப் பெண்கள் வீட்டிலேயே ஸ்பைருலினா வளர்க்க ஒரு முறையை உருவாக்கியது. கலன் என்ன தெரியுமா? மண்பானை. கழுத்துவரை தரையில் புதைத்தது. சாண எரிவாயுக் கலத்துக் கரைசல், உப்பு, சமையல் சோடா, இன்னும் ஓரிரண்டு சரக்கு. நாளைக்கு மூன்று நான்கு முறை கையால் கலக்க வேண்டும். துணியில் வடிகட்ட வேண்டும். மோட்டார் இல்லை. பானையைச் சுற்றியிருக்கும் மண் பகலில் சூடேற விடாது, இரவில் குளிரவும் விடாது. வெப்பத்தைப் பற்றி நான் மேலே இத்தனை பத்தி எழுதியதற்கு அந்தப் பானை வாய் திறக்காமல் பதில் சொல்லிவிட்டது. நான் முப்பது லிட்டருக்கு 60 மீட்டர்க் குழாய் சுற்றியவன்.

கடைசியாக எங்கள் வீட்டுக் கணக்கு. அம்மாவுக்கும் பாசிக்கும் உண்மையான சண்டை சோடாவாலோ கேன் தண்ணீராலோ வரவில்லை. இடத்தால் வந்தது. மாடியில் நாள் முழுக்க வெயில் விழும் இடத்தை என் தொட்டி பிடித்துக்கொண்டது. அது வருடாவருடம் வடாம் காயும் இடம். மே மாதத்தில் ஒரு நாள் மதியம், தொட்டி சூடேறுகிறதே என்று நான் அப்பாவின் பழைய வேட்டியை அதன்மேல் பந்தல் போலக் கட்டிக்கொண்டிருந்தேன். அம்மா வடாம் மாவுக் குண்டானோடு மேலே வந்தார். கொஞ்ச நேரம் நின்று பார்த்தார்.

"இது வெயில் வேணும்னுதானே இங்க வெச்ச?"

"வேணும்மா. ஆனா இவ்வளவு வேண்டாம்."

"அப்ப அந்த வாட்டர் டேங்க் ஓரமா தள்ளி வை. அங்க ஒரு மணி வரைக்கும்தான் அடிக்கும். வெயிலைக் கண்டா மூடுற சாமானுக்கு எதுக்குடா என் வெயிலு?"

பதிலில்லை. ஞாயிற்றுக்கிழமை தொட்டியைக் காலி செய்து, செங்கல்லைப் பிரித்து, டேங்க்கின் கிழக்குப் பக்கம் மறுபடி கட்டினேன். அங்கேயும் அடியில் ஓர் உத்தரம் போகிறது, பார்த்துவிட்டேன். ஒரு மாதம் எடை போட்டதில் மகசூல் அரை கிராம்கூடக் குறையவில்லை. வேட்டி கொடிக்குத் திரும்பிவிட்டது. பழைய இடத்தில் இப்போது வடாம் காய்கிறது.